மன்னருக்கு மேல் ஒட்டிய சீட்டு

1

இரண்டு வாரங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிற்றூரில், கோயில் நிறைய வெள்ளைக்காரர்கள் தலைகுனிந்து விருதுநகர் மாவட்ட ஆட்சியருக்காக ஒருமனதாக ஜெபித்தார்கள். ஆட்சியருக்கு இது தெரியாது. சூலக்கரையில் இருக்கும் அவருடைய அலுவலகத்தில் போய் யாராவது சொன்னாலும் மனுவாக எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். நடந்ததற்குக் காரணம் நான்தான் என்பதால் வேறு யாரும் திரித்து எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

சர்ச் என்பதை எங்கள் பக்கத்துப் புராட்டஸ்டண்டுகள் கோயில் என்றுதான் சொல்வோம். போதகரை ஐயர் என்போம். இரண்டையும் வெளியூர்க்காரர்களுக்கு விளக்கியே பாதி ஆயுள் போய்விட்டது. இங்கே வந்த பிறகு ஒரு சிக்கல் கூடுதலாகச் சேர்ந்தது. இந்த ஊர்க் கோயிலில் ஐயர் ஒரு பெண். அலிசன் என்று பெயர். ஐயருடைய மனைவியை ஐயரம்மா என்று கூப்பிட்டுப் பழகிய என் அப்பா, நிறைய யோசித்து, "அப்பொ அங்கன ஐயரம்மாவேதான் ஐயரு" என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவைத்தார்.

2

சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். ஊரில் பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள். ஒரே ஒரு தெருவில் நாங்கள், வேதக்காரர்கள். தெருவின் கோடியில் கோயில். அப்பா சிவகாசியில் தீப்பெட்டி லேபிளும் பட்டாசு லேபிளும் அடிக்கிற பிரஸ்ஸில் மெஷின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்குள் அவருக்குப் பிரஸ்காரர் என்று பெயர். அக்கா பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் வேலை. நான் மனைவியின் நர்ஸ் வேலையைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்து வந்து, அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்குக் கோயிலில் ஒரு பொறுப்பு உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு நாட்டுக்கான ஜெபத்தை அவர் நடத்துவார். குடியரசுத் தலைவரில் தொடங்கி பிரதமர், ஆளுநர், முதலமைச்சர் என்று மேலிருந்து கீழே இறங்கி வருவார். மந்திரிமார்களை மொத்தமாக ஒரே மூச்சில் கடந்துவிடுவார். கலெக்டரிடம் வரும்போது மட்டும் குரல் தழைந்து, கண் இறுக மூடும். எங்கள் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனி திறந்திருப்பதும் பூட்டிக்கிடப்பதும் சூலக்கரையிலிருந்து சோதனைக்குக் கிளம்புகிற ஜீப்பைப் பொறுத்தது. ஜனாதிபதிக்காகச் செய்வது மரியாதை. கலெக்டருக்காகச் செய்வதுதான் ஜெபம்.

அதற்குப் பிறகு எல்லையில் காவல் நிற்கும் வீரர்கள். அடுத்து மருந்து அறைகளில் வெடிமருந்து கலக்கிறவர்கள். கடைசியாக, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் சபை "எங்கள் விண்ணப்பத்தைக் கேட்டருளும்" என்று சொல்லும்.

நான் சிறுவனாக இருந்தபோது கோயிலில் வைத்திருந்த ஜெபப் புத்தகங்கள் வெள்ளைக்காரன் காலத்தில் அச்சானவை. அவற்றில் நாட்டுக்கான ஜெபத்தில் மன்னர் இருந்தார். நாடு குடியரசானதும் புதுப் புத்தகம் வாங்க வசதியில்லை. சிவகாசிக்காரர்கள் அதற்கெல்லாம் அசருவார்களா? தீப்பெட்டியில் ஒட்டும் பசை லேபிள் தாளில் 'இந்தியக் குடியரசுத் தலைவர்' என்று சின்னதாக அடித்து, நறுக்கி, எச்சில் தொட்டு எல்லாப் புத்தகத்திலும் மன்னர் மேல் ஒட்டிவிட்டார்கள். அடித்துக் கொடுத்தது, அப்போது சின்னதாகப் பிரஸ் வைத்திருந்த எங்கள் மூலைக்கடை கணேசன் அண்ணாச்சியின் அய்யா, அதாவது அப்பா. இந்து. ஒரு பைசா வாங்கவில்லையாம். பிரசங்கம் நீளும்போதெல்லாம் நாங்கள் நகத்தால் அந்தச் சீட்டின் ஓரத்தைச் சுரண்டி, அடியில் மன்னர் இருக்கிறாரா என்று பார்ப்போம். இருப்பார்.

அப்பாவின் இன்னொரு பொறுப்பு, ஆகஸ்ட் பதினைந்து. பள்ளிக்கூடம் கொடி ஏற்றுவதற்கு முன், கட்சிக்காரர்கள் விழித்து எழுவதற்கு முன், ஊரில் முதல் கொடி எங்கள் கோயில் வளாகத்தில் ஏறிவிட வேண்டும். இதில் அவர் ஒருநாளும் தோற்றதில்லை. ஒரு வருடம் மழை கொட்டியபோது குடை பிடித்து ஏற்றினார், குடை கொடிக்கு. கொடியேற்றி முடித்துக் கொடுக்கும் ஆரஞ்சு மிட்டாயை வாங்க வரும் அண்ணாச்சி வருடந்தோறும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"என்ன பிரஸ்காரரே, வெள்ளைக்காரன் சாமியக் கும்புட்டுக்கிட்டு, அவன வெரட்டுனதுக்குக் கொடியும் ஏத்துறீகளே?"

"சாமி அவனுது இல்ல அண்ணாச்சி. அவனும் வெளியூர்லேருந்து வாங்குனதுதான்."

இருவரும் சிரிப்பார்கள். ஆனால் அண்ணாச்சி வேடிக்கையாகக் கேட்பதைச் சில பேர் வேடிக்கையில்லாமல் கேட்கிறார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியும். இப்போதெல்லாம் அப்படிக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அப்பா கொடியை இறுக்கிக் கட்டுவது அவர்களுக்காகத்தான். நாட்டுப்பற்று அவருக்கு உண்மையாகவே உண்டு, அளவுக்கு மேலேயே உண்டு. அதைத் தினம் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததுதான் அவருடைய தலையெழுத்து.

3

இங்கே யாரும் எதையும் நிரூபிப்பதில்லை. இந்த ஊர்க் கோயிலுக்குள் நுழைந்தால் கூரையிலிருந்து பழைய ராணுவக் கொடிகள் தொங்கும், பூச்சி அரித்து வலைத்துணி மாதிரி. சுவர் முழுக்கப் போரில் செத்தவர்களின் பெயர்கள். ராஜாவே திருச்சபைக்கும் தலைவர். இதைச் சொன்னபோது அப்பா மிகவும் ஈர்க்கப்பட்டார். "அப்படின்னா கோயில் கமிட்டித் தேர்தலுக்கு அடிதடி இருக்காதுல்ல?" என்றார்.

ராணி காலமானபோது ஜெபக் கையேடுகளில் அவரை எடுத்துவிட்டு ராஜாவைப் போட வேண்டியிருந்தது. அலிசனும் இரண்டு கிழவிகளும் பென்சிலால் அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் பசை லேபிள் யோசனையைச் சொன்னேன். எங்கள் ஊரில் ஒரு சாம்ராஜ்யத்தையே அப்படித்தான் மூடினோம் என்றும் சொன்னேன். அலிசன் ரொம்ப அழகான யோசனை என்றார். ஆங்கிலேயர்கள் அழகு என்று சொன்னால் அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று பொருள். இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

இந்த நவம்பரில் நான் குடியுரிமை வாங்கினேன். காரணத்தை அலங்கரிக்க விரும்பவில்லை. விசா புதுப்பித்துப் புதுப்பித்து அலுத்துவிட்டது. மகளுக்குப் படிப்பு இங்கேதான். ஆனால் இந்தியா இரண்டு குடியுரிமைக்கு ஒப்பாது. இதை வாங்கினால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லாமலே இருந்தேன். ஆகஸ்ட் பதினைந்தில் முதல் கொடி ஏற்றுகிறவரிடம், உங்கள் மகன் ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்யப்போகிறான் என்று எந்த வாயால் சொல்வது?

ஒரு வியாழக்கிழமை பதிவு அலுவலகத்தில் சடங்கு நடந்தது. கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம், அல்லது கடவுள் இல்லாமல் உறுதிமொழி எடுக்கலாம், எது வேண்டுமோ அது. சைவமா அசைவமா என்று கல்யாண வீட்டில் கேட்பது போலத்தான் கேட்டார்கள். "கடவுள் இல்லாதது சின்னதுப்பா, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றாள் மகள் ஜெனி. நான் கடவுளோடு எடுத்துக்கொண்டேன். கடைசியில் எல்லோரும் எழுந்து தேசிய கீதம் பாடினோம். கடவுள் வேண்டாம் என்று உறுதிமொழி எடுத்தவர்களும் ராஜாவைக் காப்பாற்றச் சொல்லிக் கடவுளிடமே பாடினார்கள். அதிகாரி ஒருவர் எங்களை ராஜாவின் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, கையில் சான்றிதழைக் கொடுத்தார். ஜெனி போட்டோ எடுத்தாள்.

4

இதற்கு முந்தைய நாள் நவம்பர் ஐந்து. அன்றைக்கு இங்கே எல்லா ஊரிலும் பட்டாசு வெடிப்பார்கள். எங்கள் கோயில் மைதானத்திலும் நடந்தது. நனைந்த புல்லில் நின்று, கையுறை போட்ட கையால் கைதட்டினார்கள். ஒவ்வொரு வாணத்துக்கும் நடுவில் நாம் சோறு சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வரலாம், அவ்வளவு இடைவெளி. சிவகாசிப் பக்கத்துக்காரன் என்பதால் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். அழகு என்றேன்.

அன்று அலிசன்தான் கதையைச் சொன்னார். வெகுகாலம் முன்பு, புராட்டஸ்டண்டு ராஜாவையும் பாராளுமன்றத்தையும் ஒன்றாகத் தகர்க்க, சில கத்தோலிக்கர்கள் அந்தக் கட்டடத்துக்கு அடியில் வெடிமருந்துப் பீப்பாய்களை அடுக்கி வைத்தார்களாம். பற்ற வைப்பதற்குள் பிடித்துவிட்டார்கள். கடவுள் நம் பக்கம், நம் மதத்தின் பக்கம், நம் நாட்டின் பக்கம் என்று இந்த ஜனங்கள் அன்றைக்கே முடிவுகட்டிவிட்டார்கள். மூன்றும் ஒன்றாக ஒட்டிப்போயின. அதற்கென்றே ஒரு நன்றி ஆராதனை ஜெபப் புத்தகத்தில் பல தலைமுறைக்கு இருந்து, பிறகு எடுக்கப்பட்டது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வெடிக்காத வெடியை எங்கள் ஊரில் கடைக்காரர்கள் திட்டித் திருப்பி அனுப்புவார்கள். இவர்கள் அதற்கு ஆராதனை வைத்திருக்கிறார்கள்! மறுநாள் விடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"மருந்து நமுத்துருக்கும்" என்றார் முதலில். பிறகு கேட்டார்:

"நல்ல ஜெபமாச்சேலே. அத ஏன் எடுத்தாக?"

நான் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன். அக்கா ஒவ்வொரு நாளும் கம்பெனி வேன் ஏறிப் போய், சாயங்காலம் முழுசாகத் திரும்பி வருகிறாள். மருந்து வெடிக்கவில்லை என்பதற்காக எங்கள் வீட்டில் தினமும் ஸ்தோத்திரம் சொல்லப்படுகிறது. ராஜா வீட்டில் வருடத்துக்கு ஒருமுறைதான் சொன்னார்கள். அப்பாவுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

5

அந்த வார ஞாயிறு, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் ஞாயிறு. எல்லோருடைய கோட்டிலும் அவர்கள் நினைவாகச் சிவப்புக் காகிதப் பூ. முதல் வரிசையில் கென், பழைய ராணுவ வீரர், மார்பு நிறையப் பதக்கம். அன்று மன்றாட்டு ஜெபம் நடத்துவது என் முறை. புதுக் குடிமகன் என்று அலிசன் ஆசையாகக் கேட்டிருந்தார்.

ஆராதனையை இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள். கேமரா ஜெனியின் வேலை. அவளுக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கிறதா என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்தில் சமூக சேவை என்று காட்ட இது உதவுகிறது. நான் எழுந்து போகும்போது என் காதருகே, "தாத்தா பார்த்துட்டிருக்காங்க" என்றாள்.

எதிர்பார்த்திருக்க வேண்டும். அங்கே அப்போது சாயங்காலக் காபி நேரம். நான் ஜெபம் நடத்தும் ஞாயிறுகளில் அப்பா அக்காவின் போனை வாங்கி, சோடாபுட்டிக் கண்ணாடியோடு உட்கார்ந்துவிடுவார்.

திருச்சபைக்காக ஜெபித்தேன். சபை "எங்கள் ஜெபத்தைக் கேளும்" என்றது. அடுத்த வரி கையில் இருந்த தாளில் தெளிவாக இருந்தது: நம்முடைய மன்னருக்காக. 'நம்முடைய' என்ற சொல்லை இரண்டு முறை படித்தேன். கேமராவின் சிவப்பு விளக்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வாய் திறந்தேன். அதற்குப் பிறகு பேசியது நான் இல்லை. என் நாக்கு அதுவாகவே மன்னர் மேல் சீட்டை ஒட்டிவிட்டது.

"நம்முடைய குடியரசுத் தலைவருக்காக, பிரதமருக்காக, ஆளுநருக்காக, முதலமைச்சருக்காக, விசேஷமாக நம்முடைய மாவட்ட ஆட்சியருக்காக…"

ஆங்கிலத்தில்தான் சொன்னேன், அப்பாவின் ராகத்தில். கலெக்டரிடம் வந்ததும் என் குரல் தழைந்து கண் தானாக மூடிக்கொண்டது.

ஒரு கணம்கூடத் தாமதமில்லை. மொத்தக் கோயிலும் "எங்கள் ஜெபத்தைக் கேளும்" என்றது. சாத்தூர் தாசில்தார் வரைக்கும் இறங்கியிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கென்னின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

ஆராதனை முடிந்து காபிக் கோப்பையோடு நின்றபோது கென் மெதுவாக என்னிடம் வந்தார். இங்கே ஒருவரைத் தனியாகக் குறிப்பிட்டு ஜெபிப்பது பெரும்பாலும் நோயாளிகளுக்குத்தான்.

"அந்த ஆட்சியர்… ரொம்ப முடியவில்லையா?"

"தீபாவளி சீசன் முடிந்துவிட்டது. இப்போது பரவாயில்லை" என்றேன். வேறு என்ன சொல்வது?

"நான் தொடர்ந்து ஜெபிக்கிறேன்" என்று தோளைத் தட்டினார்.

ஒரு மூதாட்டி மட்டும், இந்த நாளில்கூட மன்னருக்கு ஜெபமில்லையா என்று அலிசனிடம் முறையிட்டுவிட்டுப் போனார். அலிசன் என்னிடம் வந்து என் ஜெபம் மிக மிக அழகாக இருந்தது என்றார். இரண்டு 'மிக'. நான் பயந்துவிட்டேன்.

6

வாசலைத் தாண்டுவதற்குள் அப்பாவின் அழைப்பு வந்தது. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"ஏலே, ஒங்க ராசாவுக்கு என்ன ஆச்சு?"

"எந்த ராசாப்பா?"

"அங்கன எத்தன ராசா இருக்காக? வியாழக்கெழம கையத் தூக்கிச் சத்தியம் பண்ணுனியே, அவருதான். பாப்பா போட்டோ அனுப்பிருச்சு."

ஜெனியைத் திரும்பிப் பார்த்தேன். "தாத்தாவுக்கு எப்பவும் எல்லா போட்டோவும் அனுப்புவேனே" என்றாள். அவளுக்கு அது ஒரு போட்டோ.

"சத்தியம் பண்ண வாய் வந்துச்சு, ஜெபம் பண்ண வாய் வரலியோ?" அப்பாவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எனக்காக நடிச்சியா? ஜெபத்துல நடிக்கக் கூடாதுலே. எந்த ஊருச் சோத்தத் திங்கியோ அந்த ஊருக்கு ஜெபம் பண்ணணும். கலெக்டருக்கு இங்கன நாங்க இருக்கோம்."

"இல்லப்பா, வாய் தவறி…"

"பாஸ்போர்ட்டு?"

"திருப்பி அனுப்பணும்ப்பா. ரத்துன்னு முத்திரை போட்டுக் குடுப்பாங்க."

"சரி. வச்சிருதேன்" என்றார். வைத்துவிட்டார்.

தினமும் கூப்பிடுகிறவர் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் அக்காதான் எடுத்தாள். பாஸ்போர்ட் திருப்பும் விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பினேன். பாதியில் பக்கம் தானாக மூடிக்கொண்டு, மறுபடி தொடங்கும்போதெல்லாம் தந்தை பெயர் என்று கேட்டது. அவர் பெயரை அந்த வாரம் நான் அடித்த அளவுக்கு வாழ்நாளில் அடித்ததில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா விஷயத்தைச் சொன்னாள். அப்பா அண்ணாச்சி கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாராம்.

"ஏன்க்கா?"

"போட்டோவ அப்பாதான் காட்டுனாக, பெருமையா காட்டுனாகளோ வெசனமா காட்டுனாகளோ தெரியல. கடையில அண்ணாச்சியோட சேத்து நாலு பேரு இருந்துருக்காக. அண்ணாச்சி சும்மா வெளையாட்டுக்குச் சொல்லிட்டாரு. 'என்ன பிரஸ்காரரே, எங்க அய்யா அடிச்ச சீட்ட ஒங்க மகன் உரிச்சிட்டாரு போல'ன்னு. மத்த மூணு பேரும் சிரிச்ச சிரிப்பு வேற மாதிரியாம். அப்பா வெத்தல கூட வாங்காம வந்துட்டாக."

விசா வரிசையில் நிற்க அலுத்து நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். எத்தனையோ ஆகஸ்ட் பதினைந்துகளில் அவர் முதலில் ஏற்றிய கொடிகளையெல்லாம் அது ஒரே இழுப்பில் இறக்கிவிட்டது. இனி அவர் எவ்வளவு சீக்கிரம் ஏற்றினாலும், அந்த மூன்று பேர் சிரிப்பார்கள்.

"ஞாயித்துக்கெழம அப்பாவுக்கு ஜெப முறை" என்றாள் அக்கா. "மாத்தி விடவான்னு ஐயர் கேட்டாராம். வேண்டாம்னுட்டாக."

பட்டியலின் கடைசி இடம் நினைவுக்கு வந்தது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள். அதில் நான் இருப்பேனா?

7

ஞாயிறு காலை நான் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா அனுப்பிய வீடியோ வந்தது. போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். ஜெனி தட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

அப்பா வெள்ளைச் சட்டையில் மேடையருகே நின்றார். குடியரசுத் தலைவர். பிரதமர். ஆளுநர். முதலமைச்சர். மந்திரிகளை வழக்கம்போல் ஒரே மூச்சில் கடந்தார். கலெக்டரிடம் குரல் தழைந்தது. எல்லை வீரர்கள். அதன் பிறகு மருந்து அறையில் வேலை செய்கிறவர்களைச் சொன்னார். சபை பதில் சொன்னது.

அப்பா அடுத்ததற்குப் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். யாரோ இருமினார்கள்.

"அப்படியே ஆண்டவரே, எங்களப் போலவே வெடிமருந்துக்குத் தப்புன இங்கிலாந்து ராசா வீட்டாரையும் நெனச்சருளும். அவருடைய குடிகளாப் போன எங்கள் பிள்ளைகளையும் நெனச்சருளும்."

ராஜாவை ஆளுகிறவர்கள் வரிசையில் அவர் சேர்க்கவில்லை. அந்த வரிசை குடியரசுத் தலைவரோடு தொடங்கும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டார். மருந்து அறைக்காரர்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். எந்தக் காலத்திலோ சீட்டு ஒட்டி வெளியே அனுப்பிய மன்னர் எங்கள் ஊர்க் கோயிலுக்குள் திரும்பி வந்தார், என் பொருட்டு, சலுகை எதுவும் இல்லாமல்.

சபை தயங்கும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை வேன் ஏற வேண்டிய பெண்கள் அத்தனை பேரும் பழக்கத்தில் ஒரே குரலாகச் சொன்னார்கள். "எங்கள் விண்ணப்பத்தைக் கேட்டருளும்." போனுக்குப் பக்கத்தில் இருந்ததால் அக்காவின் குரல்தான் உரக்கக் கேட்டது.

நானும் சொன்னேன், அடுப்படியில் நின்று. வாயில் ரொட்டியோடு ஜெனியும் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்தாள். என்னவென்று நான் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அப்பாவே கூப்பிட்டார். பின்னால் தராசுத் தட்டு விழும் சத்தமும் அண்ணாச்சியின் குரலும் கேட்டன. அண்ணாச்சி கடையிலிருந்து பேசுகிறார்.

"ஏலே, பாத்தியா? அப்படிப் பண்ணணும் ஜெபம்" என்றார். பிறகு கடையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சத்தமாக, "அடுத்த மொற ஒங்க ராசாவ விட்றாத. எம் மகன்னு சொல்லிக்கிட்டு அங்கன போயி மரியாத கெட்டு நிக்காத" என்றார்.